பழைய காரின் இன்ஜின் பக்கத்து ஒயரிங்கை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?

மாற்றத்தான் வேண்டும். தொட்டாலே உறை உதிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் ஒரேயடியாக முழுவதும் வெட்டி எடுக்காதீர்கள். முன்பு வைத்திருந்தவர்கள் செய்த ஒட்டுவேலை எந்தச் சர்வீஸ் புத்தகத்திலும் இருக்காது, அந்தப் பழைய ஒயர்க் கட்டுக்குள் மட்டும்தான் இருக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என்னுடையது 1970களின் பிரிட்டிஷ் கார். இக்னிஷன் காயிலுக்கு (பிளக்கில் தீப்பொறி வர வோல்டேஜை உயர்த்தும் சுருள்) போகும் ரோஸ் நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் கருகியிருந்தது, நல்ல செம்பு ஒயராக மாற்றிவிட்டேன். வண்டி அருமையாக ஸ்டார்ட் ஆனது, கொஞ்ச தூரம் ஓடியதும் நின்றுவிட்டது, காயிலில் கை வைக்க முடியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது சாதாரண ஒயர் இல்லை, மின்தடை ஒயர். அந்த வகைக் காயிலின் உள்தடை சுமார் 1.5 ஓம்தான், மீதி வோல்டேஜை ஒயரே தாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் வேறு ஒயர் வழியாக முழு வோல்டேஜ் போகும். ஆகவே எந்த ஒயரைத் தொடுவதற்கு முன்னாலும் அதன் தடையை மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். சாதாரண ஒயர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும், மின்தடை ஒயர் ஒரு ஓமுக்கு மேலேகூடக் காட்டும்.

பேட்டரியின் எர்த் முனையை, அதாவது வண்டியின் பாடியோடு சேரும் முனையை, முதலில் கழற்றுங்கள். இரண்டு முனையிலும் லேபிள் கட்டி, போட்டோ எடுத்து, ஒரு சர்க்யூட்டை முடித்துச் சரிபார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். மெதுவாகத்தான் நடக்கும். பரவாயில்லை.

ஒயரின் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். 60 வாட் ஹெட்லைட் ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 10 ஆம்பியர், பழைய வண்டிகளில் இது மொத்தமும் டாஷ்போர்டு சுவிட்ச் வரை போய்த் திரும்பி வருகிறது. லைட்டை எரியவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவுக்கும் பல்பின் முனைக்கும் இடையில் வோல்ட் அளந்து பாருங்கள். ஒரு வோல்ட் காட்டினால்கூட வெளிச்சம் கால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம். பியூஸோடு ஒரு ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) வைத்து, பேட்டரி பக்கத்திலிருந்தே தடித்த ஒயரில் ஹெட்லைட்டுக்குக் கொடுத்தால் பழைய சுவிட்சும் பிழைக்கும். அந்தக் கால வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் பியூஸே கிடையாது, அதனால் ரிலேயோடு வரும் இந்தப் பியூஸ் பெரிய பாதுகாப்பு.

இணைப்புகளைச் சால்டர் செய்வதைவிட நல்ல கருவியால் கிரிம்ப் செய்வதே, அதாவது உலோக முனையை ஒயர் மேல் நெரித்து அழுத்துவதே, எனக்குப் பிடிக்கும். சால்டர் ஒயருக்குள் ஊறி இறுகிவிடும், அது முடிகிற இடத்தில் இன்ஜின் அதிர்வில் ஒயர் மடிந்து மடிந்து முறியும். மேலே உள்பக்கம் பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம், சூட்டில் பசை உருகி வழிந்து எல்லாவற்றையும் நாசம் செய்யும். இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் ஒயரே போகக் கூடாது. தகட்டில் ஓட்டை வழியாக நுழையும் இடமெல்லாம் ரப்பர் புஷ் கட்டாயம்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது கெட்டிருந்தால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் புகையும். புதிதாகப் போட்டு, அடியில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிந்த பிறகு முடுக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் உடனே பேட்டரியை மாட்டிவிடாதீர்கள். பேட்டரி முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பைக் கோர்த்து, எல்லா சுவிட்சும் ஆஃபில் இருக்கும்போது பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட், தேடிக் கண்டுபிடியுங்கள். எரியவில்லை என்றால் பல்பை எடுத்துவிட்டுக் கேபிளை மாட்டலாம்.