கறிவேப்பிலைக்கு எத்தனை லீற்றர் சாடி?

கேள்வி: அக்கா, நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருக்கிறோம். போன வைகாசியில் ஒரு முழ உயரக் கறிவேப்பிலைக் கன்று வாங்கி, அடிக்கடி சாடி மாற்றத் தேவையில்லை என்று நேரே 40 லீற்றர் பிளாஸ்ரிக் சாடியில் நட்டேன். கோடை முழுக்கப் பால்கனியில் நன்றாக நின்றது. உள்ளே எடுத்த பிறகு இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. வாரத்துக்கு இரண்டு தரம் தண்ணீர் விடுகிறேன். உரம் காணாதா?

பதில்: உரத்தை இப்போது தொடவே வேண்டாம் தங்கச்சி. பிழை சாடியின் அளவில் இருக்கிறது. ஒரு முழக் கன்றின் வேர் பிடித்திருக்கும் மண் மூன்று லீற்றருக்கு மேல் வராது, மீதி மண்ணில் இருக்கும் தண்ணீரைக் குடிக்க அங்கே வேரே இல்லை. கோடையில் வெயிலும் காற்றும் அந்த ஈரத்தை இழுத்துவிட்டன, அதனால் தப்பியது. உள்ளே வந்ததும் வெளிச்சம் குறைந்துவிட்டது, ஜன்னலோரம் குளிர், கறிவேப்பிலையும் குளிர்காலத்தில் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கும் சாதி. நீங்கள் விடுகிற தண்ணீர் அப்படியே தேங்கி, வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகத் தொடங்கும். அழுகின வேர் தண்ணீரை எடுக்காது, இலை வாடும், வாடுகிறதே என்று பயந்து நாங்கள் இன்னும் ஊற்றுவோம். இங்கே கறிவேப்பிலை சாவதற்குக் குளிரைவிட இதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்குக் கீழே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பிறகு செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் மண்ணிறமாகவோ உறுதியாக இருக்கும். அழுகினது கறுத்து, விரலால் இழுத்தால் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும், மணமும் காட்டிக் கொடுத்துவிடும். அதையெல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, மிஞ்சின வேர்க்கட்டியைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகலமான, அடியில் ஓட்டையுள்ள சாடிக்கு மாற்றுங்கள். கடையில் வாங்கும் சாடிக் கலவையில் (potting mix) கால் பங்கு பெர்லைட் (perlite, பாரமில்லாத வெள்ளைத் துணிக்கைகள்) சேருங்கள். தோட்டத்து மண்ணைச் சாடிக்குள் போட வேண்டாம், அது இறுகிவிடும். சாதாரணமாகக் குளிர்காலத்தில் சாடி மாற்றச் சொல்ல மாட்டேன், வேர் அழுகும்போது மட்டும் பங்குனி வரை காத்திருக்க முடியாது.

இனிமேல் அளவு இப்படிப் போகட்டும்: ஒரு கலன் (gallon), இரண்டு கலன், மூன்று கலன், கடைசியில் ஐந்து. கடையில் ஒரு கலன் என்று விற்கும் நாற்றுச் சாடி பெரும்பாலும் மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும், அதனால் பெயரைப் பார்க்காமல் வேர்க்கட்டியை வைத்துப் பார்த்து வாங்குங்கள். வசந்தத்தில் புதுத் துளிர் வரும்போது, வேர் அடி ஓட்டையால் எட்டிப் பார்த்தால் மட்டும் அடுத்த அளவு. அடுக்குமாடிக்கு ஐந்து கலன், அதாவது 19 லீற்றர், போதும். ஈரமாக இருக்கும்போது செடியும் சாடியுமாக 15 கிலோ வரும், இரவு வெப்பநிலை 10 பாகையை நெருங்கும் ஒவ்வொரு செப்டெம்பரிலும் அதை உள்ளே தூக்கப்போவது நீங்கள்தானே. அதற்குப் பிறகு சாடியைப் பெருப்பிக்காமல், வசந்தத்தில் வேர்க்கட்டியைச் சுற்றி ஓர் அங்குலம் செதுக்கி, புதுக் கலவை நிரப்பி, அதே சாடியில் வையுங்கள். மேலே கிளையையும் வெட்டிவிட்டால் பக்கத்தால் அடர்த்தியாகத் துளிர்க்கும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்க வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் கொஞ்ச இலை விழுவது இயல்பு, அதற்குப் பதற வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் வடிய அடியில் ஒரு கை அளவு கல் போடச் சொல்கிறார்களே, எங்கள் அம்மாவும் போடுவா.

பதில்: அம்மா கோபிக்கக் கூடாது, ஆனால் கல் வேண்டாம். எந்தச் சாடியிலும் தண்ணீர் வடிந்து முடிந்த பிறகு மண்ணின் அடிப்பகுதியில் ஓர் ஈரப்படை நிற்கும். அதன் உயரத்தை முடிவு செய்வது கலவை. கல்லைப் போட்டால் அந்தப் படை கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் கிட்ட ஏறி நிற்கும், வேருக்கான இடமும் குறையும். மண் வெளியே வராமல் இருக்க ஓட்டை மேல் ஒரு துண்டு வலை போதும். இதே காரணத்தால்தான் ஒரே கொள்ளளவில் உயரமான சாடி, தட்டையான சாடியைவிட நன்றாக உலரும்.

கேள்வி: மகன் சட்டப்படி வீட்டுக்கு அனுமதித்த நாலு கஞ்சாச் செடி வைத்திருந்தவன், இப்போது வேறிடம் போய்விட்டான். அவனுடைய ஐந்து கலன் கறுப்புத் துணிச்சாடிகள் பேஸ்மென்டில் கிடக்கின்றன. மிளகாய் வைக்கலாமா? வைத்தால் ஏதும் வருமா?

பதில்: ஒன்றும் வராது அண்ணா, பயப்படாமல் வையுங்கள். 2018 ஒக்டோபரில் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமான பிறகு இந்தத் துணிச்சாடிகள் பல வீடுகளுக்குள் வந்துவிட்டன, தக்காளிக்கும் மிளகாய்க்கும் அவை அருமையான சாமான். பிளாஸ்ரிக் சாடியில் வேர் சுவரில் முட்டியதும் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். துணியில் சுவரோரம் வந்த வேர்நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து, பின்னால் புதுக் கிளைவேர் விடும். சாடி முழுக்க மெல்லிய வேர் நிரம்பும். தண்ணீர் கொஞ்சம் கூடிப்போனாலும் பக்கங்களால் உலர்ந்துவிடும்.

பழைய கலவையைக் கொட்டி, சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவையுங்கள். வெளியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உரத்தின் உப்பு. ஒரு மிளகாய்ச் செடிக்கு மூன்று கலன், அதாவது 11 லீற்றர் போதும் என்பதால், விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு அந்த அளவுக்கு மட்டும் கலவை போடுங்கள். படர்ந்து உயரும் தக்காளிக்கு ஐந்து கலனும் முழுசாக வேண்டும்.

இரண்டு விஷயம் கவனம். துணிச்சாடியை நேரே கம்பளத்திலோ மரத்தரையிலோ வைத்தால் கீழே பூஞ்சணம் பிடிக்கும், விளிம்புள்ள தட்டில் ஒரு கம்பித் தட்டியைப் போட்டு அதன் மேல் உயர்த்தி வையுங்கள். அப்புறம், ஹீட்டர் ஓடும் வீட்டில் இது வேகமாகக் காயும். முழுக்கக் காய்ந்த கலவை தண்ணீரை உறிஞ்சாமல் பக்கத்தால் வழிய விட்டுவிடும், அப்படி ஆனால் சாடியை அரை மணி நேரம் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து எடுங்கள்.

கேள்வி: ஊரில் மண்சாடிதானே நல்லது என்போம். இங்கேயும் அதுவா, அல்லது தயிர் வாளியே காணுமா?

பதில்: கையைப் பொறுத்தது. எந்த நேரமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு மண்சாடி காவல், அது ஈரத்தைச் சுவரால் வெளியே விடும். மறந்துபோகிறவர்களுக்குப் பிளாஸ்ரிக். தயிர் வாளி நாற்றுக்கும் புதினாவுக்கும் நல்லது, அடியில் ஐந்தாறு ஓட்டை கட்டாயம் போடுங்கள். வெளிச்சம் ஊடுருவும் வாளியென்றால் உள்ளே பாசி பிடிக்கும், வெளியே கறுப்பு ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள்.