பட்டாளத்திலிருந்து திரும்பிய தாத்தாவின் போர்க்காலத்தைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் அம்மாவின் தந்தை இரண்டாம் உலகப்போரின்போது பட்டாளத்தில் சேர்ந்து, போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர். "பர்மாவுக்குப் போனார்" என்பதற்கு மேல் வீட்டில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை; அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. டிரங்குப் பெட்டியில் ஒரு குழுப் படமும், இரண்டு பதக்கங்களும், மடிப்பில் கிழிந்த டிஸ்சார்ஜ் சீட்டும் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் போருக்கே போகவில்லை என்று கொள்வதா? அவருடைய திதி நாளில் பிள்ளைகளுக்கு உண்மையாக எதைச் சொல்வது?

பதில்: பட்டியலில் பெயர் இல்லாததைக் கண்டு மனம் தளர வேண்டாம். அந்த ஆணையம், இரண்டாம் உலகப்போரைப் பொறுத்தவரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலான காலத்தில் உயிரிழந்தவர்களை மட்டுமே பதிவு செய்கிறது. அந்தப் போரில் இந்தியப் படைகளில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் பணியாற்றினார்கள். இறந்தவர்கள் சுமார் 87,000 பேர். அப்படியானால் 24 லட்சம் பேருக்கு மேல் உயிரோடு வீடு திரும்பினார்கள், அவர்களுக்கென்று பெயர் பொறித்த நினைவுத்தூண் பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் நம் ஊர்கள் சிலவற்றில் பதித்த கற்களில்கூட, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று எண்ணிக்கைதான் இருக்கும். ஆகவே திரும்பி வந்த ஒருவரை நினைவில் வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவருடைய குடும்பத்தையே சேர்ந்தது. நீங்கள் கேட்ட கேள்வியை நான் மிக முக்கியமானதாகக் கருதுவது இதனால்தான்.

முதலில் டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்து தொடங்குங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள்; இரண்டும் காலப்போக்கில் அந்தத் தாளையே கெடுத்துவிடும். ஜன்னலோரம் சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து, இருபுறமும் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், கண்ணுக்கு மங்கிய எழுத்துகள்கூடத் துலங்கும். அதில் நீங்கள் தேட வேண்டியவை படை எண், பதவி, பிரிவு, சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி ஆகியவை. இவற்றிலும் படை எண்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். நம்மவர்களின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். கோவிந்தசாமி என்ற ஒரே பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் உண்டு, தகப்பனார் பெயரோ ஊர்ப் பெயரோ முன்னாலும் பின்னாலும் மாறி நிற்கும். பெயரை வைத்துத் தேடினால் வேறு எவருடைய வாழ்க்கையையோ உங்கள் தாத்தாவின் வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. படை எண் கையில் இருந்தால் அந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை.

பிரிவின் பெயர் பெரும்பாலும் சுருக்கெழுத்துகளில் இருக்கும். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றிருந்தால் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். லாரி ஓட்டுநர்களும் ரேஷன் கொண்டுபோனவர்களும் அதில்தான் இருந்தார்கள். ஐ.ஈ.எம்.இ. என்றிருந்தால் அது 1943-ல் உருவான பொறியியல் பராமரிப்புப் பிரிவு. அதற்கு முன் தளவாடப் பிரிவான ஆர்டனன்ஸ் கோரில் இருந்தவர்கள் பலர் அதற்கு மாற்றப்பட்டார்கள். மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்று கண்டால், பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை அவர்களுடைய வேலை. வீட்டில் "சண்டை போடவில்லையாம், ரோடு போட்டாராம்" என்று சற்றுக் குறைவாகச் சொல்லும் வழக்கம் உண்டு. பர்மாப் போர்முனையில் சாலையும் பாலமும் இல்லாமல் ஒரு படை ஒரு மைல்கூட முன்னேறியிருக்க முடியாது. அந்த வேலையைக் குண்டு விழும் இடத்தில் நின்றுதான் அவர்கள் செய்தார்கள்.

அடுத்து பதக்கங்கள். ஆறு முனை நட்சத்திர வடிவில் இருப்பது போர்முனைப் பதக்கம். நடுவட்டத்தில் கிரீடமும் மன்னரின் பெயரெழுத்துகளும், அவற்றைச் சுற்றி அந்தப் பதக்கத்தின் பெயரும் ஆங்கிலத்தில் வார்க்கப்பட்டிருக்கும். ரிப்பனை நம்பாதீர்கள், காலப்போக்கில் ஒன்றின் ரிப்பனை மற்றொன்றில் மாட்டியிருப்பார்கள். வட்டத்தில் உள்ள எழுத்தைப் படியுங்கள். பர்மா ஸ்டார் என்றிருந்தால் 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் அந்தப் போர்முனையில் பணியாற்றியிருக்கிறார் என்று பொருள். ஆனால் குறிப்பிட்ட காலங்களில் வங்காளத்திலும் அசாமிலும் பணியாற்றியவர்களுக்கும் அதே பதக்கம் உண்டு. ஆகவே அந்த நட்சத்திரத்தை மட்டும் வைத்து அவர் எல்லை தாண்டி பர்மாவுக்குள் போனார் என்று எழுதிவிட முடியாது. வட்டமாக இருப்பதன் பின்புறத்தில் இரட்டைத் தலை டிராகன்மேல் சிங்கம் நின்றால் அது வார் மெடல். இந்தியாவின் வரைபடம் இருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல். விளிம்பிலும் பின்புறத்திலும் எண்ணோ பெயரோ வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் கவலையில்லை, அந்தப் போரின் பதக்கங்களில் பெரும்பகுதி பெயரில்லாமலே வழங்கப்பட்டவை. புளியோ பிராஸ்ஸோவோ போட்டுத் துலக்க வேண்டாம், எழுத்துகள் தேய்ந்துவிடும்.

குழுப் படத்தில் தோள்பட்டைக்குக் கீழே சட்டைக்கையில் தைத்த சின்னத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, வடிவம் தெரியும். பூனை என்றால் 17-ஆவது இந்திய டிவிஷன், சேவல் என்றால் 23-ஆவது, கழுகு என்றால் 4-ஆவது. முதல் இரண்டும் பர்மாப் போர்முனையில் இருந்தவை. நான்காவது, வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டது. 23-ஆவது டிவிஷன் போர் முடிந்த பிறகு ஜாவாவுக்கு அனுப்பப்பட்டது. 1945 ஆகஸ்டில் போர் முடிந்தும் தாத்தா 1946-இலோ 1947-இலோ ஊர் திரும்பினார் என்றால், அந்த இடைக்காலத்தில் எங்கே இருந்தார் என்பதையும் தேட வேண்டும். நம் குடும்பங்களில் பலரும் அந்தக் காலத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். படம் ஒட்டிய அட்டையின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் அது எந்த ஊர் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு ராணுவத்துக்கு எழுதலாம். சிப்பாய்களின் பணி ஆவணங்கள் லண்டனில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிகாரிகளின் கோப்புகள்தான் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பகுதியில் உள்ளன. மற்றவர்களுக்கு அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகமே இடம்: மதராஸ் சாப்பர்ஸின் இன்றைய வடிவமான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், ஐ.ஈ.எம்.இ.யின் இன்றைய வடிவமான ஈ.எம்.இ.க்கும் ஆர்டனன்ஸுக்கும் செகந்திராபாத், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக். கடிதத்தில் படை எண், பெயர் எழுதப்பட்டுள்ள விதம், தகப்பனார் பெயர், அன்றைய மாவட்டம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு, ராம்நாடு என்று அக்காலப் பெயர்களே பதிவேட்டில் இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓய்வூதியம் பெறாதவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு அழிப்பது ராணுவத்தின் விதி. போர்க்காலத்தில் சேர்ந்து நாலைந்து ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியம் பெறாதவர்கள்தான். அதனால் "ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று பதில் வரக்கூடும், அத்துடன் நின்றுவிடாதீர்கள். லாங் ரோல் என்ற நிரந்தரப் பதிவேட்டில் ஒருவருடைய பணியின் அடிப்படை விவரங்கள் எழுதி வைக்கப்பட்டிருக்கும், அது அழிக்கப்படுவதில்லை. முதல் கடிதத்திலேயே "லாங் ரோலில் உள்ள பதிவின் நகல்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. தாத்தாவோ உங்கள் பாட்டியோ பிற்காலத்தில் உதவித்தொகை ஏதேனும் பெற்றிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு கோப்பு இருக்க வாய்ப்புண்டு.

பிரிவின் எண், அதாவது எத்தனையாவது கம்பெனி அல்லது பட்டாலியன் என்பது தெரிந்துவிட்டால், அந்தப் பிரிவு எந்த நாளில் எங்கே இருந்தது என்பதைப் போர் நாட்குறிப்புகளிலிருந்து அறியலாம். தென்கிழக்காசியப் படைகளின் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் உள்ளன. அவற்றில் சிப்பாய்களின் பெயர் அரிதாகவே வரும். மழை பெய்தது, பாலம் அடித்துச் செல்லப்பட்டது, முகாம் மாறியது, இத்தனை பேருக்கு மலேரியா என்றுதான் இருக்கும். ஆனால் பேசாத ஒரு மனிதரின் நாட்களை அதைவிட நெருக்கமாகக் காட்டக்கூடியது வேறொன்றும் இல்லை. "தாத்தாவுக்குப் பெரிய வீரப் பதக்கம் கொடுத்தார்களாம்" என்ற பேச்சு வீட்டில் இருந்தால், வீரப் பதக்கப் பரிந்துரைகள் அதே காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 வரிசையில் பெயர்வாரியாகத் தேடக் கிடைக்கின்றன. 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடியின்மீது தன் உடலைக் கிடத்தி உடனிருந்தவர்களைக் காத்து உயிர்நீத்த மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன் பெற்ற ஜார்ஜ் கிராஸ் போன்றவை முழுமையாகப் பதிவானவை. அத்தகைய விருது பெற்றவர் பட்டியலில் இல்லாமல் போவதில்லை.

குடும்பத்தில் திரும்பி வராத ஒருவரும் இருந்தால் அவரைக் கல்லறை ஆணையத்தின் பட்டியலிலேயே தேடுங்கள். கல்லறை இல்லையே என்று வருந்த வேண்டாம். தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனி நினைவுச்சின்னங்கள் உண்டு. கோஹிமாவில் மட்டும் அப்படி 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் உள்ளன. பர்மாவில் தவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் இருக்கின்றன.

இனி, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் ஆவணத்தால் உறுதியானதை முதலிலும், அவருடைய பிரிவு இருந்த இடங்களை அடுத்தும், வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படுவதை, யார் சொன்னது என்ற குறிப்புடன், கடைசியிலும் வையுங்கள். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால், அடுத்த தலைமுறை எதை நம்புவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விட்டுவிடும். சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டுப் பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன்: இரண்டு காலத்தையும் எழுதுங்கள், ஒன்றை மறைத்து மற்றொன்றை உயர்த்தாதீர்கள். அவர் பேசாமல் இருந்ததையும் ஒரு வரியாக எழுதி வைக்கலாம். அதற்கு நாமாகக் காரணம் கற்பிக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் முன்னால், நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ராணுவ அலுவலகத்தின் பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கலாம், வீட்டிலுள்ள மூத்தவர்களின் நினைவு அப்படிக் காத்திராது. உங்கள் அம்மாவையும் அவருடன் பிறந்தவர்களையும், தாத்தாவோடு பட்டாளத்துக்குப் போன ஊர்க்காரர்களின் பிள்ளைகளையும் அந்தக் குழுப் படத்தோடு போய்ப் பாருங்கள். "போரைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். எந்த ரயிலில் வந்து இறங்கினார், கையில் என்ன கொண்டுவந்தார், எந்த இந்திச் சொற்களைச் சொல்வார், காய்ச்சல் வந்தால் என்ன முணுமுணுப்பார், படத்தில் பக்கத்தில் நிற்பவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, தேதியையும் சொன்னவர் பெயரையும் அதிலேயே சொல்லி முடியுங்கள்.