வாசலில் நிற்கும் சென்சார்

அன்புள்ள ஐயா,

விமான இஞ்சினுக்குள் டர்பைன் பக்கம் 900 டிகிரியையும் தாண்டுமாமே. அந்தச் சூட்டைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறதா? சென்சார் தப்பாகக் காட்டினால் என்ன ஆகும்?

ம.

அன்புள்ள ம.,

நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஏ320 விமானங்களில் இருக்கும் சிஎஃப்எம்56-5பி இஞ்சினை வைத்துச் சொல்கிறேன்.

எரிந்த சூடான வாயு சுழற்றும் பிளேடுகள் உள்ள பகுதிதான் டர்பைன், அதுதான் முன்னால் இருக்கும் விசிறியைச் சுற்றவைக்கிறது. அதற்குள் 9 தெர்மோகப்பிள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்துப் பற்றவைத்ததுதான் தெர்மோகப்பிள். நுனி சூடேறினால் தானாகவே மின்னழுத்தம் தரும். 950 டிகிரியில்கூட 40 மில்லிவோல்ட் வராது. டார்ச் லைட் பேட்டரி இதைப்போல் முப்பத்தைந்து மடங்குக்கு மேல் தரும். ஒன்பதின் சராசரியைத்தான் விமானி திரையில் பார்க்கிறார். தரையில் இஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும்போது சூடு 725 டிகிரியை மீறினால் கம்ப்யூட்டரே எரிபொருளை நிறுத்திவிடும். பறக்கும்போது கதை வேறு. 950ஐத் தாண்டினால் எச்சரிக்கை வரும், உந்துவிசையைக் குறைக்க லிவரைப் பின்னுக்கு இழுக்க வேண்டியவர் விமானி.

கம்ப்யூட்டர் தன் கணக்கைத் தொடங்குவது இஞ்சினின் வாயருகே இருக்கும் சின்ன பிளாட்டினம் சென்சாரிலிருந்து. உள்ளே வரும் காற்று 15 டிகிரியா, 40 டிகிரியா? அவ்வளவுதான் அது சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விசிறியின் பிளேடு எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பது, ஒலியின் வேகத்தோடு ஒப்பிட அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும். 15 டிகிரி 40 ஆனால் சுமார் 4 சதவீதம். விசிறியும் அதே 4 சதவீதம் கூடுதலாகச் சுற்றினால்தான் பழைய நிலை கிடைக்கும். ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்ட எரிபொருள் அதிகம் எரிந்து டர்பைன் தகிக்கும். அதனால் ஓர் எல்லை உண்டு, பல இஞ்சின்களுக்குக் கடல்மட்டத்தில் 30 டிகிரி. வெளிக்காற்று அதற்கு மேல் சூடானால் கம்ப்யூட்டர் உந்துவிசையைக் குறைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் டர்பைன் வேகாமல் தப்புவது வாசலில் அளந்த இந்தச் சூட்டால்.

சரி, அது பொய் சொன்னால்? 30 டிகிரிக் காற்றைப் 10 என்று காட்டினால் விசிறி மெதுவாகச் சுற்றும். புறப்படும் நேரத்தில் உந்துவிசை போதாமல் போகும். அதற்காகத்தான் ஒரே கூட்டுக்குள் இரண்டு சென்சார்கள், கம்ப்யூட்டருக்குள் ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்கும் இரண்டு சேனல்களுக்கும் ஒவ்வொன்று. இரண்டையும் ஒன்றோடொன்று சரிபார்த்து, விமானம் தனியாக அளந்து அனுப்பும் வெப்பநிலையோடும் ஒப்பிட்ட பிறகே எதை நம்புவது என்று அது முடிவுசெய்கிறது.