இருமலே இல்லை, கண்ணில் எப்படி டிபி?

கண்ணுக்குள் வரும் அழற்சிகளைப் பார்க்கும் மருத்துவர் நான். கண் காசநோய் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டாக்டர், மூன்று மாதமாகக் கண் சிவக்கிறது. சொட்டு மருந்து விட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. மெட்ராஸ் ஐ என்று நினைத்தேன், இப்போது டிபி என்கிறார்கள். எனக்கு இருமலே கிடையாதே?

இருமல் இல்லாமலும் வரும். மூச்சோடு உள்ளே போன கிருமி, நுரையீரலில் சத்தமில்லாமல் அடங்கிவிட்டு, ரத்தத்தோடு கண்ணுக்குப் போய்ச் சேரலாம். கண்ணுக்குள் ரத்தக்குழாய்கள் நிறைந்த படலமான யூவியாதான் அது பெரும்பாலும் தங்கும் இடம்.

மெட்ராஸ் ஐ என்றால் உறுத்தும், பீளை கட்டும், ஓரிரு வாரத்தில் போய்விடும். இதில் பீளை இருக்காது. வெளிச்சம் கூசும், வலிக்கும், பார்வை மங்கும். கறிக்குழம்பு ஆறினால் மேலே கொழுப்பு உறைந்து நிற்குமே, அதுபோன்ற துளிகள் கருவிழியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். கருவிழி நடுவே தெரியும் கறுப்பு வட்டமான கண் பாப்பாவை விரிக்க மருந்து விட்டால் அது வட்டமாக விரியாமல், அங்கங்கே லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கோணல்மாணலாக நிற்கும். பின்பக்கம் மட்டும் பாதித்திருந்தால் சிவப்பும் இருக்காது, வலியும் இருக்காது. பூச்சி பறப்பது போலவோ, நடுவில் ஒரு கறை போலவோ தெரியும். அவ்வளவுதான்.

சரி, நீங்கள் விடும் சொட்டு மருந்து அநேகமாக ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். அது அழற்சியை அடக்கும், கிருமியைக் கொல்லாது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் தொடர்ந்து வாங்கிப் போடாதீர்கள். கண் அழுத்தமும் ஏறும், கண்புரையும் வரும்.

டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்கத் தோலில் போடும் மான்டோ ஊசி போட்ட இடம் 18 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது. எக்ஸ்ரே சுத்தம். எதை நம்புவது சார்?

ஒன்றை மட்டும் நம்ப முடியாது, அதுதான் இந்த நோயின் தொல்லை. நம் நாட்டில் கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கும் மான்டோ தடிக்கும். எக்ஸ்ரேயில் தெரியாத நெறிக்கட்டி சிடி ஸ்கேனில் தெரியலாம். கண்ணிலிருந்து எடுக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு சொட்டு நீர்தான், அதில் கிருமி அகப்படவில்லை என்றால் டிபி இல்லை என்று அர்த்தமாகாது. கண்ணில் தெரியும் அடையாளம், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, கண்ணில் இதே மாதிரி அழற்சி தரும் சிஃபிலிஸ், சார்கோய்டோசிஸ் போன்ற வேறு நோய்கள் இல்லை என்றும் பார்த்த பிறகுதான் டிபி மாத்திரை தொடங்குவோம். மான்டோ மட்டும் தடித்தது என்பதற்காக நான் தொடங்க மாட்டேன்.

மாத்திரை தொடங்கி மூன்று வாரம். பார்வை முன்பைவிட மங்கல். வீட்டில் எல்லோரும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்த வேண்டாம், நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். கிருமிகள் சாகும்போது வெளியாகும் பொருள்களுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பால் சிலருக்கு முதல் சில வாரங்களில் அழற்சி கூடும். பெரும்பாலும் ஸ்டீராய்டு அளவைக் கூட்டினால் சரியாகும். டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் அந்த ஸ்டீராய்டின் வேகத்தையே குறைக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மாமியாருக்கு நுரையீரலில் டிபி, நான்காவது மாதம். சிவப்புப் புடவை வெளுத்த மாதிரி தெரிகிறது என்கிறார். வயசாகிவிட்டது, கண்புரைதான் என்கிறார் கணவர்.

கண்புரை என்று விட்டுவிடாதீர்கள், இன்றே கூட்டிப் போங்கள். டிபி மருந்துகளில் இன்னொன்றான எத்தாம்பியூட்டால் பார்வை நரம்பைப் பாதித்தால், வலியே இல்லாமல் இரண்டு கண்ணிலும் சிவப்பும் பச்சையும் மங்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து அதிகம். அந்த ஒரு மருந்தை நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார்; நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், இந்த மாத்திரை சாப்பிடும் எவரும் வாரம் ஒருமுறை, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஒரே சிவப்பு மூடியைப் பார்த்து வந்தால் மாற்றம் சீக்கிரம் தெரியும்.

எத்தனை மாதம்? செலவு?

ஆறு முதல் ஒன்பது மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று. அரசு மருத்துவமனையில் இலவசம். டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவு இருந்தால் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசின் வேலை. கான்டாக்ட் லென்ஸிலும் அந்தக் கறை படியும், கழற்றி வையுங்கள்.

குழந்தைக்குத் தொற்றுமா?

கண்ணிலிருந்து தொற்றாது. நுரையீரலிலும் இருந்தால் தொற்றும், அதனால் முதலில் நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.