நாற்பது பக்கம் எதற்கு?

அன்புள்ள அண்ணா,

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். அடுத்த சனிக்கிழமை நண்பர்கள் ஐந்து பேரோடு ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்குகிறோம். அங்கே ஒரு ஒன்-ஷாட் நடத்துகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற கதை விளையாட்டை ஆடுவதை யூடியூபில் நிறையப் பார்த்திருக்கிறேன், நடத்தியதில்லை. நண்பர்கள் ஆடியதே இல்லை. 1890-ல் ஒரு காப்பி எஸ்டேட், காணாமல் போன கணக்குப்பிள்ளை, சேர்வராயன் குகையில் ஒரு பேய் என்று நாற்பது பக்கம் எழுதியாயிற்று. இன்னும் முடியவில்லை. எவ்வளவு தயார் செய்தால் போதும்?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள தம்பி,

விஷயம் தெரியாத வாசகர்களுக்காக முதலில் இரண்டு வரி. இது உட்கார்ந்து பேசியே ஆடுகிற கதை விளையாட்டு. ஒருவர் நிலைமையைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து கிளைத்த வகை இது. ஒன்-ஷாட் என்றால் ஒரே உட்காரலில் முடிகிற கதை.

நாற்பது பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது, அந்த ஐந்து பேரும் என்ன செய்வார்கள் என்பதை. அதை அவர்கள்தானே சொல்ல வேண்டும்? நானும் இதே தப்பைச் செய்தவன். முதல் தடவை நடத்தியபோது கதையின் முடிச்சையெல்லாம் ஒரு கடிதத்தில் வைத்து, கடிதத்தை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பூட்டைத் திறக்கப் பகடை போட வேண்டும். முதல் ஆள் போட்டார், விழவில்லை. அடுத்தவருக்கும் விழவில்லை. முக்கால் மணி நேரம் எல்லோரும் ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நானே ஒரு குரங்கைக் கூட்டிவந்து பெட்டியைப் பாறையில் தள்ளிவிட வைத்தேன். அந்தக் குரங்கைச் சொல்லி இன்றும் கிண்டல் செய்கிறார்கள்.

அதனால் நிலைமையை மட்டும் எழுதுங்கள். கங்காணி கூலியில் திருடுகிறான். கணக்குப்பிள்ளை அதைக் கண்டுபிடித்து, கணக்கு நோட்டோடு ஒளிந்திருக்கிறார். யாரும் எதுவும் செய்யாவிட்டால் எட்டு மணிக்குக் கங்காணியின் ஆட்கள் பந்தத்தோடு தேடக் கிளம்புவார்கள், பத்து மணிக்கு அவரைப் பிடிப்பார்கள், நள்ளிரவில் நோட்டு எரியும். அவ்வளவுதான். முக்கால் பக்கம்.

அவர் தானாகத்தான் ஒளிந்தார் என்று தெரிய மூன்று தடயம் வையுங்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னொன்று கையில் சிக்கும். காயப்போட்ட காப்பிப் பழத்தின் மேல் செருப்புத் தடம், அதுவும் ஓடிய தடமில்லை, நிதானமாக நடந்தது. ஒரு வாரத்துக்கு அரிசி வாங்கினார் என்று சொல்கிற கடைக்காரர். அறையில் பக்கம் கிழித்த பழைய நோட்டு. தேடினால் கிடைத்துவிட வேண்டும், இதற்கெல்லாம் பகடை கேட்காதீர்கள். கங்காணியின் ஆளிடமிருந்து தப்புகிற மாதிரி இடத்தில் கேளுங்கள்.

விதிமுறை? புதியவர்களுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பாத்திரத்தின் திறமைகளைக் குறிக்கிற தாளை விளக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். லூடோ பெட்டியிலிருந்து இரண்டு பகடை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 10-க்கு மேல் போனாலோ 10 ஆனாலோ நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது இழக்க வேண்டும். 6-ம் அதற்குக் கீழும் வம்பு. 36 விதமாக விழக்கூடியதில் 6 விதம்தான் முழு வெற்றி, மற்ற இரண்டுக்கும் 15, 15. அதனால் பாத்திரத்துக்குக் கைவந்த வேலை என்றால் ஒன்றோ இரண்டோ கூட்டிக்கொள்ள விடுங்கள். 2010-ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற இன்னொரு கதை விளையாட்டு இந்த முறையைப் பிரபலமாக்கியது. கதை நகர்ந்துகொண்டே இருக்கும்.

பாத்திரங்களை நீங்களே அட்டையில் எழுதிக் கொண்டுபோங்கள். பெயரும் குணமும் மட்டும் அவர்கள் சொல்லட்டும். நம் பக்கத்துக் கூத்தில் திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவைக் கட்டியங்காரன் யாரய்யா நீர், எந்த ஊர் என்று கேட்பானே, அப்படிக் கேளுங்கள். கூச்சப்படுகிற ஆள்கூட வாயைத் திறந்துவிடுவார். அப்புறம், கணக்குப்பிள்ளையிடம் உமக்கு என்ன கடன் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அந்தப் பதிலை வைத்தே பாதி ராத்திரி ஓடும்.

குகைப் பேயை எடுத்துவிடுங்கள். சேர்வராயன் அங்கே மலையாளி என்கிற மலைவாழ் பழங்குடி மக்கள் கும்பிடுகிற சாமி, குகைதான் கோயில். அதே மலையில் இருந்துகொண்டு அதைப் பேய்க்குகை ஆக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. பாழடைந்த பங்களா போதும். பனி இறங்கினால் ஜன்னலே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால், ஆரம்ப அமர்க்களம் போகக் கையில் மிஞ்சுவது மூன்று. அந்த மூன்று மணி நேரம் ஆனதும், கதையில் எங்கே இருந்தாலும் சரி, பந்தங்கள் தெரிகின்றன என்று சொல்லிவிடுங்கள்.

தட்டுவடை செட்டைக் கட்டி எடுத்துப் போகாதீர்கள், மலை ஏறுவதற்குள் நமுத்துவிடும். தட்டை தனி, சட்னி தனி, துருவிய பீட்ரூட் தனி. அட்டைகளை வண்டியிலேயே கொடுக்கவும் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவில் தலையைக் குனிந்து படித்தால் என்ன ஆகும் என்று சேலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து பேருக்கு ஆறு அட்டை எழுதுங்கள். கடைசி நேரத்தில் யாராவது ஒருவர் மச்சானைக் கூட்டிக்கொண்டு வருவார்.