ஊட்டி உயரத்தில் குழந்தைகளோடு ஒரு நடை: வாசகர் கேள்விகள்

இத்தாலியில் இருக்கும் என் தம்பி, டோலோமைட் மலையில் ஒரு குடிலிலிருந்து இன்னொரு குடிலுக்குத் தன் ஐந்து வயது மகளோடு நடந்துபோன படங்களை அனுப்பியிருந்தான். த்ரே சீமே என்ற இடம், 2,300 மீட்டர் உயரமாம். ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தானே? நீலகிரியில் அப்படி நடக்க வழி உண்டா?
— வாசகி, ஈரோடு

உயரக் கணக்கு சரி. த்ரே சீமேயில் அவுரொன்சோ குடில் 2,320 மீட்டர், லவரேதோ குடில் 2,344 மீட்டர். நடுவில் 101 என்று எண் போட்ட, வண்டி போகும் அகலத்துக்கு ஒரு மண்பாதை. ஏற்றமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஊட்டி 2,240 மீட்டர். ஒற்றுமை அத்தோடு சரி.

அங்கே அந்த உயரத்தில் மரம் வளராது. அடுத்த குடில் தூரத்திலேயே கண்ணில் படும், வழி தவறுவது கடினம். குடிலுக்குப் போய்ச் சேர்ந்தால் சூப்பு, ரொட்டி, கழிப்பறை, மழைக்கு ஒதுங்க இடம் எல்லாம் உண்டு. அதனால்தான் சின்னப் பையோடு குழந்தையைக் கூட்டிப்போக முடிகிறது. நீலகிரியில் அதே உயரத்தில் சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும். சோலைக்குள் நுழைந்தால் இருபது அடிக்கு மேல் பார்வை எட்டாது. வழிப்பலகை அபூர்வம்.

குடில்கள் இங்கே இல்லாமல் இல்லை. மேற்கே பங்கித்தபால், முக்குருத்தி பக்கம் பழைய குடில்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பகுதி இப்போது 78 சதுர கிலோமீட்டர் முக்குருத்தி தேசியப் பூங்கா. குடும்பத்தோடு நினைத்தபடி போய்த் தங்கிவர முடியாது. ஆகவே குடில் விட்டுக் குடில் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் மூன்று இரவு தங்கி, தினம் ஒரு பக்கம் போய்த் திரும்புவதே நம் மலைக்குப் பொருந்தும்.

அப்படியானால் எங்கே நடப்பது? எங்கள் வீட்டில் ஏழு வயதும் பத்து வயதும். எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?
— வாசகர், நாமக்கல்

முதல் நாள் அரசு தாவரவியல் பூங்கா. பலர் கீழே புல்தரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கீழ்வாசலில் தொடங்கி மேல் தட்டுவரை நிற்காமல் ஏறிப் பாருங்கள். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருடைய ஷூ கடிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள் அவலாஞ்சி சாலையில் கெய்ர்ன் ஹில். ஊட்டிக்கு மிக அருகில், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே வனத்துறை பராமரிக்கும் பாதை. மூன்றாம் நாள் கோத்தகிரி லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், ஆனால் ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு பழஞ்சோலை தப்பிப் பிழைத்திருப்பது பெரிய விஷயம். 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இரண்டுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியும் வருவார். தொட்டபெட்டா உச்சிக்குப் போகும் தார்ச்சாலையில் மட்டும் நடக்காதீர்கள். 2,637 மீட்டர் என்ற பெருமையைத் தவிர அங்கே நடப்பவருக்குக் கிடைப்பது வண்டிப்புகைதான்.

கிலோமீட்டரைவிட நேரத்தைக் கணக்குப் போடுங்கள். ஏழு வயதுக் குழந்தை இருந்தால் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 15 நிமிடம் கூட்டுங்கள். நொறுக்குத் தீனிக்கு 20 நிமிடம். 4 கிலோமீட்டரும் 120 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் இரண்டே முக்கால் மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். காலை எட்டரைக்குக் கிளம்பினால் பதினொன்றேகாலுக்குத் திரும்பிவிடலாம். மலையில் மேகம் மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் இறங்கும்.

பாதை தொடக்கத்திலேயே ஓடைப் பக்கம் இறங்கினால் ஒரு எச்சரிக்கை. போகும்போது குழந்தைகள் ஓடுவார்கள், திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். அப்படிப்பட்ட பாதையில் ஒதுக்கிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் திரும்பிவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று வழிகாட்டி சொன்னாலும் சரி. அவர் சொல்லும் கொஞ்சம் அவர் காலுக்கு.

மாமியாருக்கு 66 வயது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினாலே தலைவலி, வாந்தி. உயரம் ஒத்துக்கொள்ளவில்லையா?
— வாசகி, திருப்பூர்

பெரும்பாலும் வளைவுகள்தான் காரணம். குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியில் 36. வண்டி நின்று ஒரு மணி நேரத்தில் சரியானால் அது பயண மயக்கம். அறைக்குப் போன பிறகும் மந்தமாக வலித்தால் தண்ணீர் குறைந்திருக்கும். குளிரில் தாகம் எடுக்காது, வயதானவர்கள் கழிப்பறைக்குப் பயந்து குடிக்கவும் மாட்டார்கள்.

ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். ஏறும்போது மூச்சு வாங்குவது இயல்பு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, தலைவலியோடு நடை தள்ளாடினாலோ காத்திருக்காமல் கீழே இறக்கி மருத்துவரிடம் காட்டுங்கள். இருதயக் கோளாறு இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் அதை உள்சட்டைப் பையில் வைக்கவும். குளிர்ந்துபோன இன்ஹேலரில் மருந்து சரியாகப் பீய்ச்சாது.

என்ன எடுத்துப் போவது? சாப்பாடு, துணி இரண்டும் சொல்லுங்கள்.
— வாசகர், மதுரை

பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், குழந்தைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை; சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு பிளாஸ்க் வெந்நீர் தனியாக இருக்கட்டும்.

தயிர்சாதம் வேண்டாம். குளிரில் கட்டியாக இறுகிவிடும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டினால் நின்றபடியே தின்னலாம். கடலை மிட்டாய் ஆளுக்கு இரண்டு. வர்க்கியைப் பையில் போட்டால் பொடிதான் மிஞ்சும், அது அறைக்குத் திரும்பியபின் டீக்கு.

ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், அன்று முழுக்க காயாது. சீக்கிரம் உலரும் டீ-சர்ட், அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு. நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏறினால் பத்து நிமிடத்தில் வியர்த்து, நின்றதும் நடுங்கும். குழந்தையின் மழைக்கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கினால் இறக்கத்தில் மிதித்து விழும். பள்ளிக்கூட ஷூவின் வழுவழுப்பான அடிப்பாகம் ஈரச்சருகில் நிற்காது, பட்டை வெட்டிய அடிப்பாகம் தேவை. மேகமாக இருந்தாலும் மூக்கிலும் காதிலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். குளிர்வதால் வெயில் சுடுவது தெரியாது.

அட்டைக் கடிக்குப் புகையிலைத் தூள் பூசலாமா?
— வாசகர், கரூர்

குழந்தைகளுக்குக் கூடாது, நிகோட்டின் தோல்வழியே உள்ளே போகும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறைமேல் உப்புத் தடவினால் போதும். ஏறிவிட்டால் அதன் மெல்லிய முனைப்பக்கம் நகத்தை வைத்து நகர்த்தி எடுங்கள். நெருப்பு வைக்காதீர்கள். கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். சுத்தத் துணியால் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

காட்டெருமை எதிரே வந்தால்?
— வாசகி, சேலம்

நிற்கவும். ஐம்பது மீட்டராவது இடைவெளி இருக்கும்படி மெல்லப் பின்வாங்கவும். ஓடவோ கல் எறியவோ கூடாது. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மாட்டிக்கொள்வதும், தனியாகத் திரியும் காளையும்தான் அதிக ஆபத்து. கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் கரடியும் உண்டு, எனவே காலை ஏழுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் அந்தப் பாதைகளில் குடும்பத்தோடு நடக்க வேண்டாம்.

மார்ச் கடைசியில் வரலாமா?
— வாசகர், கோவை

ஊட்டிக்கு வரலாம், காட்டுப் பாதைக்கு முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தபின் வந்த விதிகளால், பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று மூடிவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குப்பக்கத்தை மறந்துவிடுங்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை வானம் தெளிவாக இருக்கும். விடியலில் உறைபனி விழும், புல் வழுக்கும், வெயில் ஏறட்டும். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பேருந்தில் வந்தால் அதுவும் தேவையில்லை.