நாய் வந்தால் அம்மா பேசுவாரா?

போன இதழில் தெரபி நாய்களை, அதாவது நோயாளிகளுக்குத் தெம்பு கொடுக்க அழைத்துவரும் பழக்கிய நாய்களைப் பற்றி நாலே வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. சரி, இந்த வாரம் முழுக்க நாய்தான்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. பிசியோதெரபிஸ்ட் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் நோயாளி நாயைத் தடவியபடி கையை அசைக்கும் வீடியோ பார்த்தேன். லேப்ரடார் குட்டி வாங்கிவிடலாம் என்கிறான் தம்பி. நாய் வந்தால் அம்மா பேசுவாரா?
*ஒரு மகள், மதுரை*

பதில்: குட்டி வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி அதற்குள் வாங்கிவந்து நிற்கப்போகிறார். லேப்ரடார் குட்டி கிடைத்ததை எல்லாம் கடிக்கும், ஆள் மேல் தாவும், காலுக்கிடையில் புகுந்து ஓடும், வருடம் திரும்புவதற்குள் 25 கிலோவுக்கு மேல் ஏறிவிடும். தடுமாறி நடக்கிறவர் இருக்கும் வீட்டில் அது இடுப்பெலும்பை முறிக்கிற வேலை. நீங்கள் வீடியோவில் பார்த்தது வேறு. நன்றாக வளர்ந்து நிதானம் வந்த நாய், பல விதமாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்தது, அதன் போக்கை அறிந்த ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி கூட வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அழைத்துப்போய்விடுவார்.

நடப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. 'கையை இருபது தடவை தூக்குங்கள்' என்றால், முடியவில்லை என்பதை அம்மாவுக்கு இருபது தடவை ஞாபகப்படுத்துகிற மாதிரி ஆகிவிடுகிறது. அதே கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து நாயின் முதுகை வாரிவிடச் சொன்னால் கை போகிற தூரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் நினைப்பு கையில் இல்லாமல் நாயிடம் இருக்கும். கழுத்துப்பட்டையைக் கழற்றி மாட்டுவது விரல்களுக்கு, பந்து எறிவது தோளுக்கு. பேச்சுக்கு 'வா', 'உட்கார்' என்று ஒற்றைச் சொற்கள். குழறினாலும் திருத்தாத, பரிதாபப்படாத ஒரு ஜீவன் எதிரே உட்கார்ந்திருக்கிறது. எந்த அசைவு வேண்டும் என்று தெரபிஸ்ட் முடிவு செய்து, முன்னேற்றத்தைக் குறித்துக்கொண்டே போனால் அது சிகிச்சை. வந்து கொஞ்சிவிட்டுப் போவது நல்ல பொழுது, அவ்வளவே. அதுவும் தேவைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாய் பக்கவாதத்தைக் குணப்படுத்தாது. பயிற்சி என்றாலே திரும்பிக்கொள்ளும் முகத்தை இந்தப் பக்கம் திருப்பலாம்.

ஒன்று கேட்கவேண்டும்: அம்மாவுக்கு நாய் பிடிக்குமா? கடிதத்தில் அது எங்குமே இல்லையே! பிடிக்கும் என்றால், தெரிந்தவர்கள் வீட்டில் தடுப்பூசி எல்லாம் போட்ட, ஏழெட்டு வயதான சாதுவான நாய் இருக்கிறதா என்று பாருங்கள். தெரபிஸ்ட்டிடம் கலந்துபேசி, சொந்தக்காரரோடு வாரம் இரண்டு நாள் வரச்சொல்லுங்கள். பிடிக்காது என்றால் இந்த யோசனையை இதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: இது எப்போது ஆரம்பித்தது? மருத்துவமனைக்குள் நாயை விட்ட முதல் புண்ணியவான் யார்?
*கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்*

பதில்: முதல் ஆள் என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம், ஆனால் ஒரு நாயைக் காட்டலாம். 1944, நியூ கினியாக் காடு, இரண்டாம் உலகப் போர். பதுங்குகுழி ஒன்றில் இரண்டு கிலோகூட இல்லாத ஒரு யார்க்‌ஷயர் டெரியர் கிடைக்கிறது. எப்படி அங்கே வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பில் வின் என்ற அமெரிக்கச் சிப்பாய் அதை இரண்டு ஆஸ்திரேலியப் பவுண்டுக்கு வாங்கி ஸ்மோக்கி என்று பெயர் வைத்தார். கொஞ்ச நாளில் அவருக்கு டெங்கு, நமக்கு நன்றாகப் பழக்கமான அதே டெங்கு. நண்பர்கள் நாயை மருத்துவமனைக்குத் தூக்கிவந்தார்கள். ராத்திரி அவர் கட்டிலில் தூங்கிய ஸ்மோக்கியை, பகலில் நர்ஸ்கள் காயம்பட்ட மற்ற சிப்பாய்களிடம் எடுத்துப்போக ஆரம்பித்தார்கள். அதற்குத் தலையாட்டியவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவமனையான மேயோ கிளினிக் குடும்பத்து டாக்டர் சார்லஸ் மேயோ. போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் ஸ்மோக்கி மருத்துவமனைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தது, 1957-இல் இறந்தது.

அதைச் சிகிச்சை என்று பேசவைத்தவர் நியூயார்க் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன். யாரிடமும் ஒட்டாத, வேறு இடங்களில் பார்த்தும் பலன் இல்லாத ஒரு பையன், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். அறையில் இருந்த லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் ஓடிப்போய் முகத்தை நக்க, பையன் பயப்படாமல் கட்டிக்கொண்டான். அடுத்தடுத்த நாட்களில் அவன் வந்தது நாயோடு விளையாட, டாக்டருக்காக இல்லை. டாக்டரும் மெல்ல அந்த விளையாட்டுக்குள் நுழைந்தார், பேச்சு அப்படித்தான் தொடங்கியது. 1961-இல் இதை அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, 'உங்கள் கட்டணத்தில் நாய்க்கு எத்தனை பங்கு?' என்று கிண்டல் செய்தார்களாம். பின்னாளில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டும் தன் சௌ இன நாய் ஜோஃபியைச் சிகிச்சை அறையில் வைத்திருந்தார் என்பது பரவலாகத் தெரியவந்தது. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

கேள்வி: அப்படியானால் நாய்க்குச் சம்பளம்?
*குறும்புக்காரர், கும்பகோணம்*

பதில்: பிஸ்கட். கூட வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை, தொண்டர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ராஜபாளையம் அவ்வளவு அன்பாக இருக்கும். தெரபி நாய் ஆக்கலாமா? நாட்டு நாய்களை எடுத்துக்கொள்வார்களா?
*வாசகர், விருதுநகர்*

பதில்: உங்களிடம் அன்பாக இருக்கும், சந்தேகமே இல்லை. தபால்காரரிடம்? ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம், அந்நியரை எட்டவே நிறுத்தும். தெரபி நாய்க்கு வேண்டியது நேர் எதிர்: யார் என்றே தெரியாதவர் தலையை அழுத்திப் பிடித்தாலும் கலங்கக்கூடாது. இனத்தைவிடக் குணம்தான் முக்கியம், அதனால் நாட்டு நாய், கலப்பு நாய் எதற்கும் கதவு மூடவில்லை. ஹாங்காங்கில் விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன் 1991-இல் தொடங்கிய 'டாக்டர் டாக்' என்ற தெரபி நாய்த் திட்டம் சென்னைக்கும் வந்தது, புளூ கிராஸ் மூலமாக.

சோதனை எப்படி இருக்கும் என்றால், பின்னால் தட்டைக் கீழே போடுவார்கள், சக்கர நாற்காலியைப் பக்கத்தில் உருட்டுவார்கள், ஊன்றுகோலோடு ஒருவர் சத்தம் போட்டபடி வருவார். தரையில் தின்பண்டத்தைப் போட்டு, 'விடு' என்றால் விடுகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டு நாய் மணியை ஒருநாள் நானே இப்படிச் சோதித்தேன். தட்டுச் சத்தத்துக்குக் காதைக்கூட அசைக்கவில்லை, நாற்காலியை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் தரையில் ஒரு துண்டு முறுக்கு. 'வி' என்று நான் வாயைத் திறப்பதற்குள் காணோம். மருத்துவமனைத் தரையில் அது மாத்திரையாக இருந்திருக்கும்.

கேள்வி: மருத்துவமனையில் மனிதர்களுக்கே சுத்தம் இல்லை, இதில் நாயா? வெறிநாய்க்கடி, ஒட்டுண்ணி எல்லாம் மறந்துபோச்சா?
*ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி*

பதில்: மறக்கவில்லை அம்மா, கேள்வி நியாயமானது. ஒழுங்காக நடத்துகிற இடங்களில் விதிகள் கறார். ரேபிஸ் தடுப்பூசி, பூச்சி மருந்து, கால்நடை மருத்துவரின் சான்று கட்டாயம். வருவதற்கு முன் குளியல். தொடுவதற்கு முன்னும் பின்னும் எல்லோரும் கை கழுவவேண்டும். பச்சை இறைச்சி தின்னும் நாய்க்கு அனுமதி இல்லை, சால்மோனெல்லா போன்ற கிருமி வெளியே தெரியாமல் கூடவே வந்துவிடும். திறந்த புண், ஒவ்வாமை, நோய் எதிர்ப்பு மிகக் குறைந்தவர் இருந்தால் அந்தக் கட்டில் பக்கமே போகாது. நோயாளி வேண்டாம் என்றாலும் அப்படித்தான். இவ்வளவும் செய்ய முடியாத இடத்துக்கு நாயைக் கூட்டிப்போகக்கூடாது, இதில் நான் உங்கள் கட்சி.

கேள்வி: வாசிக்கத் திணறும் குழந்தைகளுக்கு நாய் உதவுமா?
*ஆசிரியை, ஈரோடு*

பதில்: அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999-இல் தொடங்கினார்கள்: குழந்தை பாயில் உட்கார்ந்து நாய்க்குக் கதை வாசிக்கும். நாய் எழுத்துக் கற்றுத்தராது. தப்பாகப் படித்தால் சிரிக்காது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துப்போகிற பிள்ளைக்கு அது போதும்.

கேள்வி: எல்லாம் சரி, இதெல்லாம் நாய்க்குப் பிடித்திருக்கிறதா?
*பள்ளி மாணவி, நாகர்கோவில்*

பதில்: இந்த வாரத்தின் நல்ல கேள்வி உன்னுடையதுதான் கண்ணு. 2003-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றில், கொஞ்சும்போது பாசத்தோடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு மனிதருக்கும் ஏறியது, நாய்க்கும் ஏறியது. ஆனால் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் மனிதருக்குத்தான் குறைந்தது, நாய்க்குக் குறையவில்லை. அதனால் நாயைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும், சும்மா உதட்டை நக்கும், தலையை அந்தப் பக்கம் திருப்பும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும், வால் கீழே இறங்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும், எதிரே எவ்வளவு பெரிய மனிதர் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாலும், கயிறு பிடித்திருப்பவர் 'இன்றைக்குப் போதும்' என்று சொல்லிக் கிளம்பிவிடவேண்டும்.